புத்தகத்தை மூடினால் எவ்வளவு தெரிகிறது? பொதுத்தேர்வுப் படிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தம் பக்கம் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். தேர்ச்சி விகிதப் பட்டியல் வரும்போது நம் வேலூர் மாவட்டத்தைக் கீழிருந்து தேடும் நிலை பல வருடமாக இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மூளை குறைவு என்றோ, உழைப்பு குறைவு என்றோ யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தறிச் சத்தத்துக்கு நடுவிலும், பீடித் தட்டுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள் இவர்கள். படிக்கும் முறையில்தான் சிக்கல். முறை தப்பானால் மார்க் குறைவதோடு நிற்பதில்லை, தனக்கு எவ்வளவு தெரியும் என்ற கணக்கும் தப்பிப்போகிறது. பெற்றோரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன்.

என் பையன் தினமும் மூன்று மணி நேரம் புத்தகத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறான். மார்க் மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது. ஏன் சார்?

அந்த மூன்று மணி நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்று ஒரு நாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரே பக்கத்தை மூன்று முறை, நான்கு முறை வாசித்துக்கொண்டிருப்பான். நம் ஊரில் படிப்பது என்றாலே அதுதான். மொட்டை மாடியில் நடந்துகொண்டே உரக்கப் படிப்பதும் அதே வாசிப்புதான்.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. கல்லூரி மாணவர்களுக்குச் சிறு பாடப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை வாசிக்க வைத்தார்கள். இன்னொன்றை ஒரே முறை வாசித்துவிட்டு, தாளை எடுத்து நினைவில் இருப்பதை எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது இரண்டு முறை வாசித்தது முந்தியது: 81 சதவீதம், எழுதிப் பார்த்ததற்கு 75. இரண்டு நாள் கழித்து நிலைமை தலைகீழானது. வாசித்ததற்கு 54, எழுதிப் பார்த்ததற்கு 68. ஒரு வாரம் கழித்து 42க்கு 56.

அடுத்த சோதனையில் ஒரு குழு நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்து மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஒரு வாரம் கழித்து முதல் குழு 40, இரண்டாவது குழு 61. அப்புறம், இதைப் பெற்றோர் எல்லோரும் கவனிக்க வேண்டும்: நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகமாக நம்பியவர்கள் நான்கு முறை வாசித்தவர்கள்தான்.

உங்கள் பையன் விஷயமும் இதுதான் என்று நினைக்கிறேன். படித்த சூட்டோடு கேட்டால் சொல்லிவிடுவான். அதை வைத்து அவனும் நம்புகிறான், நீங்களும் நம்புகிறீர்கள். அரையாண்டுத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

தேர்வு முடிந்து வந்ததும் "சூப்பரா எழுதியிருக்கேன்" என்கிறான். தாள் வந்தால் 42. எங்களிடம் பொய் சொல்கிறானா?

இல்லை. தயவுசெய்து இதற்காக அடிக்காதீர்கள். அவன் மனசார நம்பித்தான் சொல்கிறான்.

காட்பாடி ரயிலடியில் தினமும் பார்க்கிற ஒரு முகம் இருக்கும். பார்த்ததும் தெரிந்தவர் என்று தோன்றும். பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டால் ஒன்றும் வராது. பத்து முறை வாசித்த பாடமும் அப்படித்தான். பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். வெறும் தாளில் முதல் வரியைத் தொடங்கச் சொன்னால் கை நிற்கும். பார்த்து அடையாளம் கண்டுகொள்வது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு. பொதுத்தேர்வு பெரும்பகுதியும் இரண்டாவதைத்தான் கேட்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பாடம் சரியாகத் தெரியாதவனுக்கு, தன் விடையில் எது விட்டுப்போயிற்று என்பதும் தெரியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் குரூகர், டன்னிங் இருவரும் 1999இல் இதை அளந்தார்கள். தேர்வு வைத்துப் பார்த்ததில் கடைசிக் கால்வாசியில் இருந்தவர்கள், நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து சராசரியாக 12ஆவது இடத்தில் இருந்தார்கள். தாங்கள் 62ஆவது இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். இதில் ஒரு பகுதி புள்ளிவிவரக் கணக்கினால் வரும் தோற்றம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஆனால் வகுப்பறைகளில் மாணவர்களைத் தங்கள் மார்க்கை முன்கூட்டிச் சொல்லச் சொன்ன ஆய்வுகளிலும் இதே போக்குதான்: நன்றாகப் படிப்பவர்களின் யூகம் கிட்டத்தட்டச் சரியாக வருகிறது, பின்தங்கியவர்களின் யூகம் மேலே போய்விடுகிறது.

இதனால்தான் "ஒழுங்காகப் படி" என்ற அதட்டல் பலிப்பதில்லை. ஒழுங்காகத்தான் படிக்கிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

மூடி வைத்து எழுதிப் பார் என்கிறீர்கள். அதை எப்படிச் செய்வது? ஒரு பாடத்தை வைத்துச் சொல்லுங்கள்.

நம் ஊர்ப் பாடத்தையே எடுப்போம். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் 1806 வேலூர்ப் புரட்சி வருகிறது. கோட்டை அகழியைத் தாண்டி பஸ்ஸில் போகிற பிள்ளைகள், எத்தனையோ தடவை கோட்டைக்குள் போய் வந்த பிள்ளைகள். "இந்தப் பாடம் தெரியுமா?" என்றால் எல்லாக் கையும் தூக்கும். வெறும் தாளைக் கொடுத்தால் "1806, திப்பு சுல்தானின் மகன்கள்" என்று எழுதிவிட்டுப் பலர் பேனாவைக் கடிப்பார்கள்.

முதலில் பாடத்தை ஒரு முறை நிதானமாக, புரிந்துகொண்டு வாசிக்க வேண்டும். புரியாததை எழுதிப் பார்ப்பதில் பயனில்லை, ஆசிரியரிடம் கேட்டுவிட வேண்டும். அப்புறம் புத்தகத்தை மூடி, கண்ணில் படாத இடத்தில் வைக்க வேண்டும். கைபேசியும் அதே இடத்துக்கு. ஒரு பழைய நோட்டில் கேள்வியை எழுதிக்கொண்டு விடையை எழுத வேண்டும். சிப்பாய்களுக்கு ஏன் கோபம் வந்தது? சாதிச் சின்னம், கடுக்கன் கூடாது என்றும், தாடியை மழிக்க வேண்டும் என்றும் வந்த புது ராணுவ விதிகள், தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை. யார் போட்ட விதி? தளபதி சர் ஜான் கிரடாக். என்றைக்கு நடந்தது? ஜூலை 10 விடியற்காலை. கோட்டைக்குள் யார் இருந்தார்கள்? திப்புவின் குடும்பம். எப்படி அடக்கினார்கள்? ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். பிறகு என்ன ஆயிற்று? விதிகள் விலக்கப்பட்டன, கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

நடுவில் நின்றுபோனால் உடனே புத்தகத்தைத் திறக்கக் கூடாது. ஒரு நிமிடம் தடுமாற விடுங்கள். அந்தத் தடுமாற்றத்தில்தான் பாடம் பதிகிறது. "வரவில்லை சார், எனக்கு இந்த முறை ஒத்துவராது" என்று முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். வாசிப்பதைவிட இது கஷ்டமாக இருக்கும், அது சரிதான்.

எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு நிற மையில் எழுத வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. தப்பாக எழுதியதைத் திருத்தாமல் விட்டால் அந்தத் தப்பே மனதில் உட்கார்ந்துவிடும்.

ஏன் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். கில்லெஸ்பி ஏன் ஆர்க்காட்டிலிருந்து வந்தார்? அங்கே குதிரைப்படை இருந்தது, வேலூருக்குப் பக்கம், சில மணி நேரத்தில் வந்துவிடலாம். காரணம் தெரிந்த செய்தி சுலபத்தில் மறப்பதில்லை.

தனக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பிள்ளையே கணிக்கப் பழக்க முடியுமா?

முடியும். நான் இந்தப் பக்கத்தை எழுதுவதே முக்கியமாக இதற்காகத்தான்.

எழுதிப் பார்க்கத் தொடங்கும் முன் தாளின் மூலையில் ஒரு எண் போடச் சொல்லுங்கள்: இந்த ஐந்து மார்க் கேள்விக்கு எனக்கு எத்தனை கிடைக்கும்? எழுதி முடித்ததும் இன்னொரு எண். அப்புறம் புத்தகத்தை வைத்துத் திருத்தி மூன்றாவது எண். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். முதல் எண் 5, இரண்டாவது 4, மூன்றாவது 2 என்று வரும்போது பிள்ளைக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. சில வாரத்தில் முதல் எண் கீழே இறங்கும், மூன்றாவது மேலே ஏறும், இடைவெளி சுருங்கும். மார்க் ஏறுவதற்கு முன்பே இந்தச் சுருக்கம் தெரியத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கணிக்கும் நேரம் முக்கியம். படித்து முடித்த கையோடு கணித்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். சற்று நேரம் விட்டு, வேறு வேலை பார்த்துவிட்டுக் கணித்தால் கணிப்பு உண்மையை மிகவும் நெருங்கி வருகிறது. நெல்சன், டன்லாஸ்கி என்ற இருவர் 1991இல் இதைக் காட்டினார்கள். ஆகவே மாலையில் படித்த பாடத்துக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு எண் போடட்டும். முடிந்தால் மறுநாள் காலையில்.

திருத்தும்போது தாராளம் கூடாது. "மனசில் இருந்தது, எழுதத்தான் விட்டுட்டேன்" என்றால் அதற்கு மார்க் இல்லை. விடைத்தாள் திருத்துகிற ஆசிரியருக்கு அவன் மனசு தெரியாது.

மனப்பாடம் செய்வது தப்பா?

தப்பே இல்லை. தமிழில் மனப்பாடப் பாட்டு, திருக்குறள், அறிவியலில் விதிகள், கணக்கில் சூத்திரம், இதெல்லாம் மனப்பாடமாகத்தான் தெரிய வேண்டும். புரியாததை உருப்போடுவதுதான் ஆபத்து. கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் விடை கலைந்துவிடும். மனப்பாடத்துக்கும் அதே வழிதான்: இரண்டு முறை பார்த்துச் சொல்லிவிட்டு, மூன்றாவது முறை பார்க்காமல் சொல்ல வேண்டும்.

ஹைலைட்டர், அடிக்கோடு, கைடு?

2013இல் டன்லாஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டார்கள். மேல் தரம் கிடைத்தது இரண்டுக்கு மட்டும்: தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, நாட்களைப் பரப்பிப் படிப்பது. அடிக்கோடிடுவதும் மறுவாசிப்பும் கீழ் வரிசையில் போயின. கோடு போடுவதில் கெடுதல் இல்லை, ஆனால் கோடு போட்டதையே படித்ததாக நினைத்துவிடக் கூடாது. கைடில் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். விடையை எழுதிய பிறகு பாருங்கள்.

என் பெண்ணுக்குக் காதால் கேட்டால்தான் ஏறும் என்று ஒருவர் சொன்னார். தனி முறை தேவையா?

தேவையில்லை. பிள்ளையின் "கற்கும் பாணி"க்கு ஏற்பக் கற்பித்தால் மார்க் கூடும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2008இலேயே பாஷ்லர் குழு ஆராய்ந்து எழுதிவிட்டது. அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கணக்குக்கும் இதே வழிதானா?

கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. புத்தகத்தில் ஒரு பயிற்சி என்றால் பெரும்பாலும் ஒரே வகைக் கணக்குதான். முதல் இரண்டைப் போட்டதும் மீதியும் ஓடிவிடும். பிள்ளைக்கு நம்பிக்கை வந்துவிடும். ஆனால் எந்தச் சூத்திரம் என்று அவன் யோசிக்கவே இல்லை, பயிற்சியின் தலைப்பே சொல்லிக்கொடுத்துவிட்டது. வினாத்தாளில் தலைப்பு இருக்காது.

தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்தில் ரோரரும் டெய்லரும் 2007இல் வெளியிட்ட சோதனை, நம் பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கும். நான்கு வகைக் கன உருவங்களின் கன அளவு காணும் கணக்குகள். ஒரு குழு வகை வகையாகப் போட்டது, இன்னொரு குழு கலந்து போட்டது. பயிற்சியின்போது வகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வில் வகையாகப் போட்டவர்கள் 20க்கு விழுந்தார்கள், கலந்து போட்டவர்கள் 63.

89 வாங்குகிற நேரத்தில் பிள்ளையின் மனசு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். எனக்குக் கணக்கு நன்றாக வருகிறது என்று சந்தோஷமாகத் தூங்கியிருப்பான். 60 வாங்கியவன் வருத்தப்பட்டிருப்பான். அதனால்தான் அன்றைய பயிற்சி மார்க்கை வைத்துத் தன்னை எடைபோடாதே என்று சொல்கிறேன்.

வீட்டில் செய்யச் சுலபமான வழி: புதுப் பாடம் புரியும் வரை ஐந்தாறு கணக்கை வரிசையாகப் போடட்டும். அதற்குப் பிறகு உருளை, கூம்பு, அரைக்கோளம், இடைக்கண்டம் என ஒவ்வொன்றிலும் சில கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, தினமும் நான்கைந்து எடுக்கட்டும். போன மாதம் முடித்த இயற்கணிதச் சீட்டும் அதே டப்பாவில் இருக்கட்டும்.

ஒரு பாடத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்?

தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்தது. அடுத்த வாரம் தேர்வு என்றால் ஒன்றிரண்டு நாள் இடைவெளி. ஒரு வருடம் நினைவிருக்க வேண்டும் என்றால் மூன்று, நான்கு வாரம் விட்டுத் திரும்ப எடுக்கலாம். செபேடா குழு 2008இல் வெளியிட்ட பெரிய ஆய்வும் கிட்டத்தட்ட இந்த அளவைத்தான் சொன்னது. மார்ச்சில் பொதுத்தேர்வு என்றால், ஜூலையில் நடத்திய பாடத்தைக் காலாண்டுக்கு முன் ஒருமுறை, அரையாண்டுக்கு முன் ஒருமுறை, திருப்புதல் தேர்வில் ஒருமுறை என்று எழுதிப் பார்த்தால் போதுமான இடைவெளி தானாக அமைந்துவிடும். ஜூலைப் பாடத்தைப் பிப்ரவரி வரை தொடாமல் விடுவதுதான் நம் பிள்ளைகள் செய்வது.

விடிய விடியப் படிக்கட்டுமா, நாலு மணிக்கு எழுப்பட்டுமா?

தூக்கத்தைக் குறைக்காமல் எது முடியுமோ அது. பங்குனி வெயிலுக்கு இந்தப் பக்கம் விடியற்காலை இதமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் பதினொன்றரைக்குப் படுத்த பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பாதீர்கள்.

நான் அஞ்சாவதுதான் படித்தேன். என் பிள்ளைக்கு நான் எப்படி உதவ முடியும்?

அம்மா, உங்களால் நிறைய முடியும். பீடி சுற்றிக்கொண்டே புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் பின்னால் உள்ள கேள்வியை எழுத்துக்கூட்டி வாசியுங்கள், பிள்ளை பார்க்காமல் சொல்லட்டும். வாசிக்க வராது என்றால் "இன்னைக்கு இன்னா படிச்ச, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். "அது ஏன் அப்படி?" என்று நடுவில் ஒரு தடவை கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியவில்லை என்றால், எங்கே ஓட்டை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் வேலை முடிந்து இருட்டிய பிறகு வீடு வரும் அம்மாக்களிடமும் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். சோறு பரிமாறும் நேரம் போதும்.

என் பெண் நேர்மாறு. எப்போதும் 90க்கு மேல் வாங்குகிறாள், ஆனால் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அழுகிறாள்.

நன்றாகப் படிப்பவர்கள் தங்களைச் சற்றுக் குறைத்து மதிப்பிடுவதும் ஆய்வுகளில் தெரிந்ததுதான். தனக்குச் சுலபமானது எல்லோருக்கும் சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆறுதல் சொன்னால் நம்ப மாட்டாள். மூன்று எண் முறையை அவளையும் செய்யச் சொல்லுங்கள். தன் கையால் போட்ட 2க்குப் பக்கத்தில் 5 வரும்போது நம்புவாள். இல்லாவிட்டால் தெரிந்த பாடத்தையே பயத்தில் திரும்பத் திரும்பப் படித்து, தெரியாத பாடத்துக்கு நேரம் இல்லாமல் போகும்.

நீட் எழுதப் போகும் பிள்ளைகளுக்கு இது பொருந்துமா?

இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 180 கேள்வி, 720 மார்க். சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 கழிவு. ஆகவே நிச்சயமாகத் தெரியும் என்று நம்பித் தப்பாகப் போடும் ஒவ்வொரு கேள்விக்கும், சரியாகப் போட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய மார்க்கைவிட 5 குறைகிறது. மாதிரித் தேர்வில் ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் நிச்சயம், சந்தேகம், யூகம் என்று ஏதாவது ஒரு குறி போடட்டும். திருத்தும்போது நிச்சயம் என்று போட்டுத் தப்பானவற்றை முதலில் எடுக்க வேண்டும். யூகத்தில் தப்பானதைப் பிள்ளை எப்படியும் படிக்கப் போகிறாள். நிச்சயம் என்று நினைத்ததைத் திரும்பிப் பார்க்கவே மாட்டாள்.

திருத்திய விடைத்தாள் கைக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

மார்க்கைப் பார்த்துவிட்டுப் பைக்குள் திணிப்பதுதான் வழக்கம். அதை நிறுத்துங்கள். தாளை முன்னால் வைத்து, குறைந்த ஒவ்வொரு மார்க்குக்கும் காரணம் எழுதச் சொல்லுங்கள்: படிக்கவே இல்லை, படித்தும் வரவில்லை, தெரியும் என்று நினைத்தேன் ஆனால் தப்பு, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை, நேரம் போதவில்லை. இந்தப் பட்டியலில் மூன்றாவது காரணம் அதிகமாக இருந்தால், படிக்கும் நேரத்தைக் கூட்டி ஒன்றும் ஆகாது, எழுதிப் பார்ப்பதைத்தான் கூட்ட வேண்டும். நேரம் போதாதவனுக்கு மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து முழுத் தாள் எழுதும் பழக்கம் வேண்டும், பழைய வினாத்தாள்கள் பள்ளியிலேயே கிடைக்கும்.

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வந்த பிறகு, அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் கட்டணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கலாம். மறுமதிப்பீட்டுக்காக மட்டும் அதை வாங்குகிறார்கள். கல்லூரியில் அதே பாடத்தை எடுக்கப்போகிற பிள்ளை, தான் எதிர்பார்த்த மார்க்கைக் கேள்வி வாரியாக முதலில் எழுதிவைத்துவிட்டு நகலைத் திறந்து பார்ப்பது நல்லது. விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள், அறிவிப்பு வந்ததும் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.